ராக்மானினோவ் முடங்கிக் கிடந்தாரா?

வணக்கம் ஐயா,

என் முதல் சிறுகதைத் தொகுப்பு சென்ற ஆண்டு வெளிவந்தது. விமர்சகர் ஒருவர் அதை ஈவிரக்கமின்றிக் கிழித்துவிட்டார். அதன்பின் என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மானினோவும் முதல் சிம்பொனிக்கு வந்த விமர்சனத்தால் மூன்று ஆண்டுகள் முடங்கிக் கிடந்தார் என்றும், ஹிப்னாடிச மருத்துவர் ஒருவரே அவரை மீட்டார் என்றும் படித்தேன். நானும் மனநல மருத்துவரைப் பார்க்கலாமா? அந்த விமர்சனத்தை இணைத்துள்ளேன். அது நியாயமானதா என்று சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மருத்துவரைப் பாருங்கள். அதற்கு ஓர் எழுத்தாளனின் சம்மதம் எதற்கு? இணைப்பை நான் திறக்கவில்லை, திறக்கப்போவதும் இல்லை. ஆனால் ராக்மானினோவைத் துணைக்கு அழைத்திருக்கிறீர்களே, அதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. சில வாரங்களாக அந்த முதல் சிம்பொனியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

1892இல் மாஸ்கோ கன்சர்வேட்டரி என்னும் இசைக்கல்லூரியில் தங்கப்பதக்கத்துடன் தேறிய அந்த இளைஞரின் சிம்பொனி 1897 மார்ச் மாதம் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. அதே மாலையில் வேறு புதிய படைப்புகளும் இருந்தன, ஒத்திகை போதவில்லை. வாத்தியக்குழுவை நடத்தியவர் இசையமைப்பாளர் கிளாசுனோவ். அவர் குடித்திருந்தார் என்று பிற்காலத்தில் ஒரு பேச்சு உண்டு, அந்த வம்பு நமக்கு வேண்டாம். நரகத்தில் ஓர் இசைக்கல்லூரி இருந்து, பைபிளில் வரும் எகிப்தின் வாதைகளைப் பற்றி சிம்பொனி எழுதும்படி அங்கே ஒரு மாணவனைப் பணித்திருந்தால் இப்படித்தான் எழுதியிருப்பான் என்ற பொருளில் இசையமைப்பாளரும் விமர்சகருமான சேஸர் குயி பத்திரிகையில் எழுதினார். உங்கள் விமர்சகர் இந்த அளவுக்குச் சிரமம் எடுத்துக்கொண்டிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வது பலருக்கும் வசதியாக இருக்கிறது. சில வாரங்கள் கழித்து, மே மாதத்தில், இசையமைப்பாளர் ஜதாயேவிச்சுக்கு ராக்மானினோவ் எழுதிய கடிதத்தை அவர்கள் மேற்கோள் காட்டுவதில்லை. பத்திரிகைகளின் வசை தன்னைப் பாதிக்கவில்லை என்று அதில் எழுதுகிறார். தான் மிகவும் நேசித்த, இப்போதும் நேசிக்கிற அந்த சிம்பொனி முதல் ஒத்திகையிலேயே தனக்குப் பிடிக்காமல் போனதுதான் வதைக்கிறது என்கிறார். கிளாசுனோவ் இவ்வளவு மோசமாக நடத்தியதையும் சொல்கிறார். ஆனால் பழியை அவர் தலையில் போட்டுவிட்டு எழுந்துபோகவில்லை. ஆறு மாதம் விலக்கி வைத்துவிட்டுப் பிறகு பார்ப்பேன், திருத்தி வெளியிட்டாலும் வெளியிடலாம், கிழித்துப் போட்டாலும் போடலாம் என்று எழுதுகிறார். அவரை வருத்தியது குயியின் பேனா அல்ல, அவருடைய காது.

உங்கள் கடிதத்திலோ விமர்சகருக்கு ஓர் இணைப்பே இருக்கிறது, கதைகளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. எனக்குக் கோபம் வந்தது இதனால்தான். இளம் எழுத்தாளர்கள் கூட்டங்களில் தம் கதையை உரக்க வாசிக்கும்போது நான் கவனிக்கும் ஒன்று உண்டு: நன்றாக வாசித்துக்கொண்டே வருபவரின் குரல் ஒரு வரியில் தானாகத் தாழும், வேகமெடுக்கும், அந்த வரியைக் கடந்ததும் பழையபடி நிமிரும். அந்த வரி பொய் என்று அவர் காதுக்குத் தெரிந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அதை அடித்துவிடுபவர் சிலரே. மற்றவர்கள் கூட்டத்தில் யார் கைபேசியை நோண்டிக்கொண்டிருந்தார் என்பதைத்தான் நினைவில் கொண்டுபோகிறார்கள்.

அந்த மூன்று ஆண்டுகளுக்கு வருகிறேன். அவருடைய துயரம் பொய்யல்ல. பக்கவாதம் வந்து தலையும் கைகளும் செயலிழந்தவனைப் போல இருந்தேன் என்று இருபது ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தவர் அவர். ஆனால் அதே 1897இல் தொழிலதிபர் சாவ்வா மாமந்தோவின் தனியார் ஓபராவில், அதாவது இசைநாடகக் குழுவில், நடத்துநராக வேலைக்குச் சேர்ந்தார். முதல் ஒத்திகையில் வாத்தியங்கள் ஒழுங்காகவே ஒலித்தன, பாடகர்கள்தான் தாறுமாறாகத் தடுமாறினார்கள். ஒவ்வொரு பாடகரும் எங்கே எடுக்க வேண்டும் என்று நடத்துநரே சைகை காட்ட வேண்டும் என்பது அந்தத் தங்கப்பதக்கக்காரருக்குத் தெரிந்திருக்கவில்லை! அனுபவசாலியான இன்னொரு நடத்துநர் கோல் பிடிக்க, இவர் பக்கத்தில் அமர்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார். அக்டோபரில் ‘சாம்சனும் டெலிலாவும்’ ஓபராவை நடத்தினார். அங்கேதான் பாடகர் ஷல்யாப்பினின் நட்பு அமைந்தது. ஷல்யாப்பினுக்கு ராக்மானினோவ் இசைக்கோட்பாடு கற்பித்தார். 1899இல் லண்டனுக்குப் போய்த் தன் இசையை நடத்தவும் செய்தார். இதற்குப் பெயர் முடங்கிக் கிடப்பதா?

நீங்கள் படித்த அந்த ஹிப்னாடிச மருத்துவர் நிக்கோலாய் தால் 1900இன் தொடக்க மாதங்களில் சிகிச்சை அளித்தார், ராக்மானினோவ் பியானோவுக்கும் வாத்தியக்குழுவுக்குமாக எழுதிய இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ அவருக்கே சமர்ப்பணம் ஆயிற்று. அந்த நன்றியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தாலிடம் போய் உட்கார்ந்தவர், அந்த ஆண்டுகளில் ஓர் ஓபரா பருவம் முழுக்க வாத்தியங்களுக்கும் குரல்களுக்கும் நடுவே நின்று அவை எப்படிச் சேர்கின்றன, எங்கே பிசகுகின்றன என்று கேட்டுப் பழகியவர். ஹிப்னாடிசக் கதையைச் சொல்பவர்கள் இந்த ஓபரா வேலையை ஏன் விழுங்கிவிடுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

சிம்பொனியை அவர் தன் வாழ்நாளில் மறுபடி வெளியே விடவில்லை. அவர் மறைந்தது 1943இல். பிறகு லெனின்கிராட் (பழைய பீட்டர்ஸ்பர்க்) கன்சர்வேட்டரி நூலகத்தில் வாத்தியப் பகுதிகள் கிடைக்க, அவற்றைக் கொண்டு முழுவடிவத்தை மீட்டு 1945 அக்டோபரில் மாஸ்கோவில் வாசித்தார்கள். இன்று அதை விரும்பிக் கேட்பவர்களில் நானும் ஒருவன். “அப்படியானால் குயி தோற்றார் அல்லவா?” என்று உடனே எனக்கு எழுதிவிடாதீர்கள். மறுபடியும் விமர்சகரிடமே போய் நிற்பீர்கள்.

தொகுப்பை அனுப்பிவையுங்கள், படிக்கிறேன். அனுப்புமுன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு முதல் கதையிலிருந்து உரக்க வாசியுங்கள். குரல் தாழும் இடங்களையெல்லாம் ஓரத்தில் பென்சிலால் குறித்து, அந்தப் பிரதியையே அனுப்புங்கள்.

அன்புடன்.