மரநிழல் ஓடையில் டிரவுட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

செயற்கை ஈயைக் கட்டி டிரவுட் மீன் பிடிப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், காட்டுக்குள் ஓடும் சிற்றோடைகளைப் பற்றியவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: பல ஆண்டுகளாக மண்புழு கோத்துத் தூண்டில் போட்டுப் பழகியவன் நான். இப்போது ஃபிளை ஃபிஷிங் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். ஆனால், நான் போகக்கூடிய ஓடை இரண்டு ஆள் நீளத்துக்கு மேல் அகலமில்லாதது. மேலே கிளைகள் பின்னிக் கூரைபோல் கவிந்திருக்கின்றன. இங்கே எந்தக் கோல் உதவும்?

பதில்: புழுத் தூண்டிலுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், கோலைத் தேர்ந்தெடுப்பதே அதைப் பொறுத்துத்தான் அமைகிறது. புழுத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் மெல்லிய நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே முள்ளின் மேல் கட்டிய இறகும் மயிரும் தாமாகப் பறக்கும் கனம் இல்லாதவை என்பதால், கனத்தைக் கயிற்றில் வைத்துக் கயிற்றையே வீசுகிறோம்; ஈ அதைத் தொடர்ந்து போய் விழுகிறது. கயிறுகளுக்கு இடப்படும் எண் அவற்றின் முதல் 30 அடியின் எடையைக் குறிக்கும். 3-ஆம் எண் கயிற்றில் அந்த 30 அடி ஏறத்தாழ 6.5 கிராம் இருக்கும். கோல் அந்த எடையை வாங்கி வளைந்து, பிறகு நிமிரும் விசையில்தான் கயிறு முன்னே விரிகிறது.

உங்கள் ஓடையில் 10 அல்லது 15 அடிக் கயிறுக்கு மேல் கோலின் நுனிக்கு வெளியே போகப் போவதில்லை. அப்படியானால் கோல் உணரும் எடை பாதியோ அதற்கும் குறைவோதான். அகன்ற ஆற்றுக்கென்று செய்த விறைப்பான 9 அடிக் கோல் இந்த எடைக்கு அசைந்தே கொடுக்காது. ஆறரை முதல் ஏழரை அடி வரை நீளமுள்ள, நுனியில் மட்டுமல்லாமல் நடுப்பகுதி வரை வளையக்கூடிய, 3-ஆம் எண் கயிற்றுக்கென்று செய்த கோலை வாங்குங்கள். அதில் 4-ஆம் எண் கயிற்றை ஏற்றிப் பாருங்கள், குறுகிய வீச்சிலும் கோல் உயிர்பெறுவதைக் கை உணரும். கயிற்றின் முனையில் சேர்க்கும் லீடர் என்னும் கூம்பு நரம்பு ஏழரை அடிக்கு மேல் வேண்டாம். அதன் நுனி 0.15 மில்லிமீட்டர் தடிமன் இருந்தால் போதுமானது.

கூரை உயரமாக இருக்கும் ஓடைகளில் நீளமான கோலே மேல் என்று வாதிடுபவர்களும் உண்டு, அதிலும் நியாயம் இருக்கிறது. ஜப்பானிய மலையோடைகளில் வளர்ந்த டென்காரா முறையில் கயிற்றைச் சுற்றிவைக்கும் ரீலே கிடையாது. நீண்ட, மெல்லிய கோலின் நுனியிலேயே கயிற்றைக் கட்டிவிடுவார்கள். நீங்கள் சொல்லும் தாழ்ந்த கூரைக்கு அது இடைஞ்சலாகும் என்பதால்தான் குட்டைக் கோலைச் சொல்கிறேன். இது புதிய யோசனையும் அல்ல. கி.பி. 200-ஐ ஒட்டி வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனியாவில் முள்ளைச் சுற்றிச் செந்நிறக் கம்பளி நூலும் சேவல் இறகும் கட்டிப் புள்ளி மீன்களைப் பிடித்தவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர்களுடைய கோல் ஆறடி, கயிறும் ஆறடி.

கேள்வி: மடுவில் மீன் நிற்பது தெளிவாகத் தெரிகிறது. கோலை ஓங்குவதற்குள் கறுப்பாக ஓர் ஓட்டம், பிறகு வெறும் தண்ணீர்தான். வீசுவதில் எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: தவறு வீச்சில் இல்லை, வீசுவதற்கு முன் நீங்கள் வந்து நின்ற விதத்தில் இருக்கிறது. எனக்கு வரும் கேள்விகளில் இதைவிட முக்கியமானது வேறில்லை என்று கருதுகிறேன். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் கண்ணுக்கு வெளியுலகம் ஒரு வட்டச் சாளரத்தின் வழியாக மட்டுமே தெரியும். ஒளி நீருக்குள் நுழையும்போது வளைவதால், சுற்றியுள்ள உலகம் முழுவதும் ஏறத்தாழ 97 டிகிரி அகலமுள்ள கூம்புக்குள் சுருங்கிவிடுகிறது. ஓர் அடி ஆழத்தில் நிற்கும் மீனுக்குத் தலைக்கு மேலே அந்த வட்டத்தின் விட்டம் சுமார் இரண்டேகால் அடி. இரண்டடி ஆழத்தில் அது நாலரை அடியாகும். வட்டத்துக்கு வெளியே நீர்ப்பரப்பு ஒரு கண்ணாடி, ஓடையின் அடித்தரையையே அது திருப்பிக் காட்டும். உயரமான பொருள்கள் வட்டத்தின் நடுவை நோக்கித் தெளிவாகத் தெரிகின்றன. தரையை ஒட்டியவை விளிம்பில் நசுங்கி மங்கிப்போகின்றன. நீர்மட்டத்திலிருந்து 10 டிகிரிக்குக் கீழே இருப்பதை மீன் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை என்பது அனுபவசாலிகள் கைக்கொள்ளும் கணக்கு.

இதை அடிக்கணக்கில் மாற்றிப் பார்த்தால் உங்கள் சிக்கல் விளங்கிவிடும். ஐந்தரை அடி உயரமுள்ளவர் நின்றபடி அந்த 10 டிகிரிக்குள் அடங்க வேண்டுமானால் மீனிலிருந்து 30 அடிக்கு மேல் தள்ளி நிற்க வேண்டும். அவரே முழங்காலிட்டுக் குனிந்து, தலை மூன்றரை அடி உயரத்தில் இருக்குமாறு அமர்ந்தால் 20 அடிக்கு நெருங்கலாம். மூன்றடி உயரக் கரைமேல் ஏறி நின்றுவிட்டாலோ எந்தத் தூரமும் போதாது, ஏனெனில் அதற்குள் ஓடையே வளைந்து திரும்பிவிடும்! நான் தொடங்கிய காலத்தில் மீன் நன்றாகத் தெரிகிறதே என்பதற்காக எப்போதும் உயரமான கரையில்தான் நின்றேன். எனக்கு மீன் தெரிந்த ஒவ்வொரு முறையும் மீனுக்கு என்னை அதைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது என்பது புரிய இரண்டு பருவங்கள் வீணாயின.

டிரவுட் நீரோட்டத்தை எதிர்நோக்கியே நிற்கும், இரை அந்தத் திசையிலிருந்துதான் வருகிறது. அதன் கண்கள் பக்கவாட்டில் இருந்தாலும் நேர் பின்னே ஒரு குறுகிய பகுதியை அதனால் பார்க்க முடியாது. ஆகவே கீழிருந்து மேல்நோக்கிப் போவதே முறை. கூடவே உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். கோலின் நிழல் மடுவைக் கடந்தாலே போதும், மீன் போய்விடும். பேச்சுக்குரல் காற்றிலிருந்து நீருக்குள் மிகக் குறைவாகவே நுழைகிறது, எனவே அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. உருளும் கல்லும் தரையை அதிரவைக்கும் காலடியும் அப்படியல்ல. மீனின் உடல் நெடுக ஓடும் பக்கக்கோட்டு உறுப்பு அந்த அதிர்வை உடனே பிடித்துக்கொள்கிறது. சலசலத்து ஓடும் இடத்தில் சாளரம் சிதறுவதால் இன்னும் நெருங்கலாம், கண்ணாடிபோல் அசைவற்ற இடத்தில் நெருங்கவே கூடாது.

மடுவின் வால்பகுதியை மறந்துவிடாதீர்கள். நீர் மெலிந்து வழிந்து வெளியேறும் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு சிறு மீன் காவலாளிபோல் நிற்கும். அதை நீங்கள் கலைத்துவிட்டால் அது மேல்நோக்கிப் பாய்ந்து, தலைப்பகுதியில் நிற்கும் பெரிய மீனையும் கலைத்துவிடும். அமர்ந்த இடத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் இருந்து, வாலில் யார் நிற்கிறார் என்று பார்த்த பிறகு கோலைத் தூக்குங்கள்.

கேள்வி: பத்து வீச்சில் ஏழு முறை ஈ கிளையில் மாட்டிக்கொள்கிறது. பின்னால் வீசவே இடமில்லாத இடத்தில் என்ன செய்வது?

பதில்: பின்வீச்சு இல்லாமலே ஈயை அனுப்ப வழிகள் உண்டு. கயிறு முன்னே நீரில் கிடக்க, கோலை மெல்ல உயர்த்தித் தோளுக்குப் பின்னே கயிறு வில்லாகத் தொங்கும்வரை நிறுத்தி, பிறகு முன்னோக்கி அழுத்தி வெட்டினால், நீரின் பிடிப்பே கோலை வளைத்துக் கயிற்றைச் சக்கரம்போல் உருட்டிக்கொண்டு போகும். ரோல் காஸ்ட் என்னும் இதைத்தான் முதலில் பழக வேண்டும். முற்றிலும் அடைபட்ட இடத்தில் வில்வீச்சு உதவும்: ஈயை முள்ளின் வளைவில், நுனி விரலில் படாதபடி பிடித்து, கோலின் நீளமே கயிறும் லீடரும் வெளியே விட்டு, பின்னுக்கு இழுத்துக் கோலை வில்லாக வளைத்து, குறிபார்த்து விட்டுவிடுங்கள். புதர் இடுக்கு வழியாக 12 அடி தொலைவில் ஒரு தட்டளவு இடத்தில் ஈயை இறக்க இதைவிடத் துல்லியமான வழியை நான் அறியேன். ரீலுக்கு மேலே கயிற்றை விரலால் அழுத்திப் பிடிக்க மறக்க வேண்டாம்.

பின்னால் கொஞ்சம் இடமிருந்தால் கோலைப் படுக்கவைத்து நீர்ப்பரப்புக்கு இணையாக வீசலாம். எப்படி வீசினாலும் முதலில் தலையைத் திருப்பிப் பின்னால் ஒருமுறை பாருங்கள். மாட்டிக்கொண்ட ஈ மீன் நிற்கும் மடுவின் மேலே தொங்கினால், அதை மீட்க ஓடாமல் நரம்பை அறுத்துவிட்டு வேறொன்றைக் கட்டுங்கள். மடுவில் வேலை முடிந்ததும் போய் அந்த ஈயையும் நரம்பையும் கட்டாயம் எடுத்து வாருங்கள். கிளையில் தொங்கும் நரம்பில் பறவைகள் சிக்கிக்கொள்கின்றன.

கேள்வி: என் பெட்டியில் அறுபது வகை ஈக்கள் இருக்கின்றன. ஓடைக்குப் போனால் எதைக் கட்டுவது என்றே தெரிவதில்லை.

பதில்: ஐந்தாறு வகை போதும் என்று உறுதியாகச் சொல்வேன், அதற்குக் காரணமும் உண்டு. அடர்ந்த நிழலில் வெயில் படாத ஓடையில் பாசி அதிகம் வளராது. அங்கே உணவு பெரும்பாலும் காட்டிலிருந்துதான் வருகிறது. உதிர்ந்த இலைகளைத் தின்று நீர்ப்பூச்சிகளின் இளம்பருவங்கள் வளர்கின்றன, கிளைகளிலிருந்து எறும்பும் வண்டும் கம்பளிப்பூச்சியும் நேரடியாக விழுகின்றன. ஷிகேரு நகானோ, மசாஷி முரகாமி ஆகியோர் ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் ஒரு காட்டோடையை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட முடிவில், மீன்கள் ஓராண்டில் பெற்ற உணவாற்றலில் 44 விழுக்காடு இவ்வாறு நிலத்திலிருந்து வந்து விழுந்த பூச்சிகளால் கிடைத்தது என்று காட்டினார்கள். எந்நேரமும் ஏதாவது விழும், ஆனால் எதுவும் நிறைய விழாது என்னும் இடத்தில் வாழும் மீன், தேர்ந்தெடுத்து உண்ணும் வசதி இல்லாதது.

ஆகவே 14, 16-ஆம் அளவு முள்ளில் கறுப்பு எறும்பு, சிறு வண்டு, மான்மயிரில் கட்டிய மிதக்கும் கேடிஸ், ஆடம்ஸ் என்னும் ஈக்களும், நீருக்குள் மூழ்கும் ஃபெசன்ட் டெய்ல் என்னும் ஈ ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். 1922-இல் மிச்சிகனில் லெனார்ட் ஹாலடே முதன்முதலில் கட்டிய ஆடம்ஸ், எந்த ஒரு பூச்சியையும் அப்படியே நகலெடுக்காமல் பலவற்றைப் போலவும் சாம்பல் நிறத்தில் தோன்றுவதால்தான் இன்றும் பெட்டிகளில் இருக்கிறது.

வகையைவிட, ஈ மிதக்கும் விதம்தான் மீனை ஏமாற்றும். உங்களுக்கும் ஈக்கும் நடுவே வேகமான நீரோட்டம் ஓடினால், அது கயிற்றை இழுக்க, ஈயும் நீர்மேல் கோடு கிழித்துக்கொண்டு போகும். உயிருள்ள பூச்சி அப்படிப் போகாது. சிற்றோடையில் இதற்கான மருந்து எளிது: கோலை உயர்த்தி, கயிறு முழுவதையும் நீரில் படாமல் தூக்கிப்பிடித்து, லீடரின் கடைசி இரண்டு மூன்று அடியை மட்டும் நீரில் விடுங்கள். பாறைக்கு முன்னும் பின்னும் உள்ள மெத்தென்ற இடம், வேரடியில் கரை குடைந்திருக்கும் இருட்டு, நுரை வரிசையாகப் போகும் தடம் ஆகிய இடங்களில் இரண்டு வினாடி அப்படி மிதந்தாலே மீன் வந்துவிடும்.

கேள்வி: கோடையில் போகலாமா?

பதில்: வெப்பமானி ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். நீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது டிரவுட் நன்றாக இரை எடுக்கும். 20 டிகிரியை எட்டினால் கோலை மடித்துவிடுங்கள். 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் நீர், 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராமைத்தான் தாங்கும். மீனின் உடலுக்கோ அந்த வெப்பத்தில் தேவை கூடுகிறது. அந்த நிலையில் போராடிக் களைத்த மீன், நீங்கள் விட்ட பிறகு நீந்திப் போவதுபோல் தெரிந்தாலும் பின்னர் இறந்துபோகக்கூடும்.

கேள்வி: நான் பிடிக்கும் மீன்கள் ஒரு சாண்கூட இல்லை. அவற்றைத் திரும்ப விடுகிறேன். காயப்படுத்தாமல் விடுவது எப்படி?

பதில்: குளிர்ந்த, உணவு குறைந்த ஓடையில் ஒரு சாண் மீன் பல ஆண்டுகள் வாழ்ந்த முழு வளர்ச்சியடைந்த மீனாகவே இருக்கலாம், அதைக் குட்டி என்று எண்ண வேண்டாம். முள்ளின் நுனிக்குப் பின்னே பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கொக்கியைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்கிவிடுங்கள்; முள் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். தொடுவதற்கு முன் கையை நனையுங்கள், ஏனெனில் உலர்ந்த கை அதன் மேலுள்ள கொழகொழப்பான காப்புப் படலத்தை உரித்துவிடும். பெரும்பாலும் தொடவே தேவையில்லை: மீன் நீரிலேயே இருக்க, நரம்பு வழியாக விரலை இறக்கி முள்ளைப் பிடித்துத் திருப்பினால் போதும். புகைப்படத்துக்காக நெடுநேரம் தூக்கிப் பிடிக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று, இதைப் பலர் அறிவதில்லை. பிரவுன் டிரவுட்டும் புரூக் டிரவுட்டும் இலையுதிர் காலத்திலும், ரெயின்போ பொதுவாக வசந்தத்திலும் கூழாங்கல் தரையில் பள்ளம் பறித்து முட்டையிடுகின்றன. சுற்றிலும் பாசியேறிய கற்கள் கிடக்க, நடுவே அலம்பி வைத்தாற்போல் வெளுத்த ஒரு திட்டு தெரிந்தால் அதன்மேல் கால் வைக்காதீர்கள். முட்டைகள் பல வாரங்கள், குளிர்நீரில் பல மாதங்கள்கூட அதற்குள் கிடக்கும்.

கேள்வி: ஒரு மடுவில் எத்தனை முறை வீசிப் பார்க்கலாம்?

பதில்: முதல் வீச்சுதான் உண்மையான வாய்ப்பு. அதற்கு மீன் வராவிட்டால் இரண்டாவதை வேறு தடத்தில் போடுங்கள், மூன்றாவதைத் தலைப்பகுதியில் போடுங்கள், பிறகு எழுந்துவிடுங்கள். அடுத்த மடுவுக்கு ஓடைக்குள்ளேயே நடந்து போகாமல் கரையேறி, மரங்களுக்கு உள்ளாகச் சுற்றிச் சென்று, அதன் வால்பகுதிக்குக் கீழே மறுபடியும் முழங்காலிட்டு இறங்குங்கள்.