வருஷத்துக்கு இரண்டு கிராஸ் போகிறதா? திருப்பத்தைக் கவனியுங்கள்

கேள்வி: ஆனேக்கல் பக்கம் நாலு ஏக்கரில் ராகி போடுகிறோம். ரோட்டாவேட்டரின் பி.டி.ஓ. ஷாஃப்டில் (டிராக்டரின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ், அதாவது மடங்கும் மூட்டில் உள்ள சிலுவைத் துண்டு, ஒரே வருஷத்தில் இரண்டு முறை போய்விட்டது. நாங்களே மாற்ற முடியுமா? பெங்களூரில் என்ன சொல்லிக் கேட்டு வாங்குவது?

பதில்: மாற்றலாம். வைஸ், சுத்தியல், லாக் வளையம் எடுக்கும் பிளையர், இரண்டு சாக்கெட் இருந்தால் ஒரு மத்தியான வேலைதான். ஆனால் வருஷத்துக்கு இரண்டு என்றால் எனக்குக் கிராஸ் மேல் சந்தேகம் வரவில்லை. வரப்பு ஓரம் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டு ரோட்டாவேட்டரைத் தூக்குகிறீர்களா, ஓடவிட்டபடியே தூக்குகிறீர்களா?

ஓடவிட்டுத் தூக்கினால் நடப்பது இது. கிராஸ் 30 டிகிரி மடங்கி நிற்கும்போது, டிராக்டர் சீராக நிமிஷத்துக்கு 540 சுற்று கொடுத்தாலும் நடு ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை 624 சுற்று வேகத்துக்கு ஏறி, இரண்டு தடவை 468க்கு இறங்கும். இந்த உதறலைக் கழிக்கத்தான் மறுமுனையில் இன்னொரு கிராஸ். அது கழிக்க வேண்டுமானால், நடுக் குழாயின் இரண்டு நுனியிலும் உள்ள யோக் (கிராஸைப் பிடிக்கும் கவட்டை) ஒரே நேரில் இருக்கணும். சதுரக் குழாயை யாராவது பிரித்துக் கால் திருப்பு மாற்றிச் செருகியிருந்தால் உதறல் கழியாது, கூடும். முதலில் இதைப் பாருங்கள், காசு செலவில்லை.

இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, யோக்கை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கிராஸ் முடிந்தது. கப் (கிராஸின் நாலு நுனியிலும் மாட்டியிருக்கும் மூடி) ஓரத்தில் செம்பழுப்புப் பொடி கசிவதும் அடையாளம்தான். ஆனால் உங்கள் ஊர்ச் செம்மண்ணும் அதே நிறம்! துணியால் துடைத்துவிட்டு அரைமணி நேரம் ஓட்டுங்கள். கப் வாயிலிருந்து மறுபடி பொடி வந்தால் அது துரு.

பெங்களூர் ஜே.சி. ரோட்டில் உள்ள உதிரிபாகக் கடைகளுக்குப் போகும்போது பழைய கிராஸைக் கையோடு கொண்டுபோங்கள். டிராக்டர் பெயரைச் சொன்னால் பயனில்லை, ஷாஃப்ட் ரோட்டாவேட்டரோடு வந்தது. வெர்னியரில் இரண்டு அளவு எடுக்கணும்: கப்பின் குறுக்களவு, எதிரெதிர்க் கப் இரண்டின் வெளிமுனைக்கு வெளிமுனை நீளம். 27 மி.மீ. கப்பும் 30.2 மி.மீ. கப்பும் கடை வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். லாக் உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கழற்றுவது சுலபம். லாக்கை எடுத்து, ஒரு பக்கம் கப்பைவிடச் சின்ன சாக்கெட், எதிர்ப்பக்கம் பெரிய சாக்கெட் வைத்து வைஸை இறுக்கினால் கப் பெரிய சாக்கெட்டுக்குள் வந்துவிழும். மாட்டும்போதுதான் பொறுமை வேண்டும். கப்புக்குள் ஊசி ஊசியாக நிற்கும் உருளைகளைக் கிரீஸ்தான் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்று சரிந்து அடியில் படுத்தாலும் கப் லாக் காடிவரை இறங்காது. நான் முதன்முதலில் மாற்றியபோது இது தெரியாமல் அடித்து இறக்கிக் கப்பைப் பிளந்தேன். இறங்கவில்லை என்றால் வெளியே எடுத்து ஊசியை நிமிர்த்துங்கள்.

லாக் போட்ட பிறகு யோக் காதில் லேசாக ஒரு தட்டு தட்டினால் கப் வெளிப்பக்கம் நகர்ந்து லாக்கில் உட்காரும், கையால் மடக்கினால் வழுக்கலாகத் திரும்பும். புதுக் கப்பே யோக் துளையில் லூசாக இருந்தால் ஓரத்தில் பஞ்ச் அடித்து இறுக்குவார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள், யோக்கையே மாற்றுங்கள். நிப்பிள் (கிரீஸ் ஏற்றும் முனை), கிரீஸ் கன் எட்டும் பக்கம் பார்க்கட்டும். ஷாஃப்டின் மேல் கவரை மறுபடி மாட்டாமல் ஓட்டவே கூடாது. தோளில் போட்ட துண்டின் நுனி சிக்கினால் கையை இழுக்க நேரம் இருக்காது.

எட்டு மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தரம் கிரீஸ் அடியுங்கள், நாலு கப் வாயிலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை. மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால், அந்த ஒன்றைக் கழற்றிப் பார்த்துவிட்டு வயலுக்குப் போங்கள்.