நாயகி ஏன் போன் செய்யவில்லை? (வாசகர் கேள்வி–பதில்)

கே: அர்பன் ஃபேன்டசி (இன்றைய நகரத்தில் மந்திரமும் காட்டேரியும் உலவும் கதை) தொடர் ஒன்று படிக்கிறேன். மூன்று பாகமாகக் காட்டேரிகளோடு மல்லுக்கட்டிய நாயகி, நாலாம் பாகத்தில் யாரிடமும் சொல்லாமல் நள்ளிரவில் பாழடைந்த கிடங்குக்குள் தனியே நுழைகிறாள். கையில் போன் இருக்கிறது! தப்பு அவள் மேலா, எழுதியவர் மேலா?
(வாசகி, திருச்சி)

ப: எழுதியவர் மேல்தான். நாயகி வில்லனிடம் மாட்டியாக வேண்டும். அதற்கு வேறு வழி யோசித்து வைக்கவில்லை. அதனால் அந்த ஓர் அத்தியாயத்துக்கு மட்டும் அவள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டார்.

'டிராகுலா' (1897) நாவலில், காட்டேரியைத் துரத்தும் குழுவில் இருக்கும் மினாவும்தான் கடிபடுகிறாள். எல்லோருடைய டைரிகளையும் டைப் அடித்து, தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தவளே அவள்தான். ஆனால் அவளது நன்மைக்கு என்று சொல்லி குழுவின் ஆண்கள் அவளை ஒதுக்கிவிட்டு, அவர்கள் தங்கியிருக்கும் மனநலக் காப்பகத்திலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். அந்த இடத்தில் இருக்கும் யாராவது அழைத்தால்தான் காட்டேரி முதல் தடவை உள்ளே வர முடியும். அங்கே நோயாளியாக இருக்கும் ரென்ஃபீல்ட் அழைத்துவிடுகிறான். அறைக்குள் மூடுபனி புகுந்ததைக் கனவென்று நினைக்கும் மினா, ஏற்கெனவே கவலையில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லாமல் விடுகிறாள். உங்கள் நாயகியும் சொல்லவில்லை, மினாவும் சொல்லவில்லை. மினாவின் மௌனத்துக்குக் காரணம் கதைக்குள்ளேயே இருக்கிறது. நமக்குக் கோபம் வருவதும் அந்த ஆண்கள் மேல்தான்.

அடுத்த முறை எரிச்சல் வந்தால், அந்தக் காட்சிக்கு முந்தைய பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இந்த நிமிடத்தில் அவளுக்கு என்ன தெரியும்? யாரைக் கூப்பிடலாம்? கூப்பிட்டால் எதை இழப்பாள்? கடைசிக் கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கே: நானே ஒன்று எழுதுகிறேன். போனைச் சமாளிக்க 'டவர் கிடைக்கவில்லை' என்று எழுதலாமா?
(வாசகர், ஈரோடு)

ப: ஒரு தடவை எழுதலாம். இரண்டாம் தடவை வாசகர் சிரித்துவிடுவார். மந்திரத்தின் விலையிலேயே போனைக் கோத்துவிடுங்கள். பென் ஆரனோவிச்சின் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' (2011) நாவலில் மந்திரம் போட்டால் அருகில் இயங்கிக்கொண்டிருக்கும் சிப்கள் மணலாகப் பொடிந்துபோகும். நாயகன் போலீஸ்காரன், சோதித்துப் பார்த்து, மின்சாரம் ஓடாத சிப் தப்பிக்கும் என்று கண்டுபிடிக்கிறான். போனா மந்திரமா என்று ஒவ்வொரு முறையும் அவன் முடிவெடுத்தாக வேண்டும்.

இலோனா ஆண்ட்ரூஸின் கேட் டேனியல்ஸ் தொடரில் (2007 முதல்) அட்லாண்டா நகரத்துக்கு மந்திரம் அலையலையாக வரும். அலை இருக்கும்வரை துப்பாக்கி வெடிக்காது, சாதாரண கார் ஓடாது. கேட் வாளோடு திரிவது ஸ்டைலுக்காக மட்டும் இல்லை. குதிரைகளுக்கும் ஊரில் மவுசு இருக்கிறது. உங்கள் மந்திர விதியால் யார் பிழைக்கிறார்கள், யார் தொழில் நொடிக்கிறது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். பாதி ஊர் தானாக உருவாகிவிடும்.

பெரும்பாலும் சொதப்புவது எங்கே தெரியுமா? தேவைப்படும் அத்தியாயத்திலேயே விதியை அறிமுகம் செய்வதில். கிளைமாக்ஸுக்கு முன் இரண்டு இடத்திலாவது காட்டிவிடுங்கள்: ஒருமுறை சாதாரண அன்றாடமாக, இன்னொரு முறை சின்ன நஷ்டமாக. மூன்று விதி தாராளம். எட்டு வைத்தால் நீங்களே மறந்துவிடுவீர்கள்.

கே: எல்லோரிடமும் எரிந்து விழுந்தால்தான் தைரியமான நாயகியா?
(வாசகி, மதுரை)

ப: துடுக்கு இருக்கட்டும். ஒரு சாட்சியாவது கோபித்துக்கொண்டு அவள் முகத்தில் கதவைச் சாத்தட்டும். எந்தப் பேச்சுக்கும் எந்த நஷ்டமும் இல்லையென்றால் அது வெறும் வாய்ச் சவடால்.

கே: காட்டேரிக்குக் கொடுத்த அழைப்பைத் திரும்பப் பெறலாமா? வாடகை வீட்டில் யார் அழைக்க வேண்டும்?
(வாசகர், நாகர்கோவில்)

ப: 'டிராகுலா'வில் முடியாது, ஒருமுறை அழைத்தால் பிறகு காட்டேரியின் இஷ்டம். சார்லெய்ன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடரில் (2001 முதல்) முடியும். அழைப்பை ரத்து செய்ததும் காட்டேரி தன்னையறியாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியேறும். ரென்ஃபீல்ட் கட்டடச் சொந்தக்காரன் இல்லை, நோயாளி. ஆகவே குடியிருப்பவர் அழைத்தாலே போதும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹோட்டல் அறைக்கு என்ன விதி என்பதையும் முதல் பாகத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். ஐந்தாம் பாகத்தில் நாயகி எப்படியும் ஏதாவது ஹோட்டலில் தங்கத்தான் போகிறாள்.