நாற்பத்தாறு போதும், தம்பி

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா விடுமுறையில் வந்தபோது ஒரு றேடியோ விமானத்தைத் தந்துவிட்டுப் போனார். எஞ்சின் இல்லை. இறக்கை 160 சென்ரிமீற்றர், பழகுகிறவர்களுக்கான வகை. பெட்டியில் ‘40–46’ என்று இருக்கிறது. கூட்டாளி ஒருவர் தன்னுடைய 60 எஞ்சினை மலிவாகத் தருகிறேன் என்கிறார். எங்கள் ஊர்க் காற்றுக்குப் பெரியதுதான் சரி என்றும் சொல்கிறார். வாங்கலாமா?
– வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: வேண்டாம், தம்பி. 46ஐத் தேடி வாங்குங்கள்.

40 என்பது 0.40 கன அங்குலம், அதாவது 6.5 சிசி. 46 என்றால் 7.5, 60 என்றால் ஏறத்தாழ 10. சைலன்சரோடு சேர்த்து நிறுத்தால் 60 எஞ்சின் 46ஐவிட 150 முதல் 200 கிராம் வரை கூடுதலாக இருக்கும். அந்தப் பாரம் முழுவதும் மூக்கில் போய் உட்காரும்.

பொங்கலுக்குப் பட்டம் ஏற்றும் ஊரில் பிறந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. முச்சை, அதாவது பட்டத்தில் நூலைப் பூட்டும் கட்டு, ஒரு விரற்கடை பிசகினால் ஆள் உயரப் பட்டமும் தலைகுத்தும். விமானத்துக்குப் பாரமையமே முச்சை. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் அது அமைய வேண்டும். எரிபொருள் தாங்கி வெறுமையாக இருக்கும்போது இரண்டு இறக்கைகளையும் விரல் நுனியில் தாங்கிப் பாருங்கள்.

நானும் ஒரு முறை 60ஐப் பூட்டினேன். மூக்குத் தொங்கியது. மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாலில் ஒட்டிச் சமன் செய்தேன். வல்லை வெளியில் அழகாக மேலே ஏறியது. இறக்கும்போது வேகத்தைக் குறைத்தால் ஒரு பக்கம் சரிந்தது. அதனால் வேகத்தோடேயே இறக்கினேன். முன்சில்லு தரையில் தடுக்கி, எஞ்சின் பூட்டிய பலகை பிடுங்கிக்கொண்டு வந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். பசை விடவில்லை, பல்சா மரத்தின் நார்தான் கிழிந்திருந்தது. 40க்கென்று செய்த உடம்பு அந்த அடியைத் தாங்காது.

பாரம் கூடினால் காற்றைக் கிழித்துப் போகும் என்று உங்கள் கூட்டாளி நினைப்பதில் உண்மை இருக்கிறது. ஆனால் இறங்கும் வேகமும் கூடிவிடும். பழகும் கைக்கு அது ஆபத்து. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பலக்கும் முன்பே, விடியற்காலையில் பறக்க விடுங்கள். பலாலி விமான நிலையத்தின் பக்கம் போகவே கூடாது.

40 ஏன் வேண்டாம் என்றால், பல நிறுவனங்கள் இரண்டையும் ஏறக்குறைய ஒரே பருமனில்தான் செய்கின்றன. எங்கள் புல்தரையிலிருந்து எழும்ப 46இன் கூடுதல் இழுவை உதவும்; மேலே போனதும் பாதி விசை போதும். 11×6 (விட்டம் 11 அங்குலம், சுருதி 6 அங்குலம், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்) புரொப்பெல்லர் பூட்டுங்கள்.

புது எஞ்சினை முதலில் எரிபொருள் கூடிய கலவையில் ஓட விடுங்கள். ஆமணக்கெண்ணெய் கலந்த வெள்ளைப் புகை தாராளமாக வர வேண்டும். பின்னால் நின்று எரிபொருள் குழாயை ஒரு கணம் நசுக்குங்கள். சத்தம் ஏறினால் கலவை நல்லது. உடனே அடங்கினால் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகைச் சற்றுத் திறந்துவிடுங்கள்.

கேள்வி: 40 அளவு விமானத்துக்கு நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் போடலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: போடலாம், 52ஐப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும் என்பதால் அதே வலுவுக்குப் பெரிய அளவு தேவை. சத்தம் இதமாக இருக்கும். விலை அதிகம், வால்வு இடைவெளியையும் அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். முதல் விமானம் என்றால் இரண்டு ஸ்ட்ரோக்கையே வாங்குங்கள்.