எந்த வரியில் என்று கேளுங்கள்

அன்பின் ஐயாவுக்கு,

மட்டக்களப்புக் களுவாஞ்சிக்குடியில் நாங்கள் ஏழு பேர் பௌர்ணமிப் போயா விடுமுறைகளில் கூடி, எழுதிய கவிதைகளை வாசிக்கிறோம். யார் வாசித்தாலும் "நல்லாருக்கு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். சென்ற முறை ஒருவர் மட்டும் என் கவிதையை "கட்டுரை போல இருக்கு" என்றார். அரைமணி நேரம் விளக்கம் சொன்னேன். அதன்பின் எழுத மனம் வரவில்லை. விமர்சனத்தை எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது?

ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

அந்த இரண்டு கருத்துகளும் எனக்கு ஒன்றுபோலத்தான் படுகின்றன. இரண்டிலும் உங்கள் கவிதையின் ஒரு வரிகூட இல்லை. எந்த வரியில் அப்படித் தோன்றியது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் தேத்தண்ணி குடித்துவிட்டு வீடு திரும்பலாம்.

வாவியில் இடுப்பளவு நீரில் நின்று அத்தாங்கால் இறால் பிடிக்கும் என் மாமாவைப் பற்றி இளவயதில் ஒரு கவிதை எழுதி, கல்லடியில் நண்பர் வீட்டு விறாந்தையில் வாசித்தேன். "வாழ்வும் இந்த வாவிதான்" என்று அது முடியும். கேட்டிருந்த ஆசிரியர் ஒருவர், "வெறும் அத்தாங்கை உதறிப்போட்டு அவர் திரும்பவும் தண்ணிக்குள்ள இறக்குற இடத்திலேயே எனக்கு விளங்கிற்று; பிறகு ஏன் தம்பி அதைச் சொல்றீங்க?" என்றார். பத்து நாள் அந்தத் தாளை நான் தொடவில்லை. பதினோராம் நாள் அந்த வரியை வெட்டினேன். ஆனால் வெளியூராருக்கு விளங்காது என்று அத்தாங்கைக் கைவலையாக்கச் சொன்னதை ஏற்கவில்லை. மாமாவின் கையில் இருந்தது அத்தாங்குதான்.

நம் கூத்துக் களரியில் ஆட்டம் பிசகினால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தி, பிசகிய அந்தத் தாளக்கட்டையே மறுபடி சொல்லி ஆடவைப்பார். ஆடுபவர் அங்கு நின்று காரணம் சொல்லிக்கொண்டிருப்பதில்லை. உங்கள் அரைமணி நேர விளக்கத்தைப் பற்றி நான் சொல்ல நினைப்பதும் அவ்வளவுதான்.

ஒன்றில் மட்டும் எனக்கு இன்னும் தயக்கம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டுபோன பிள்ளையைப் பற்றித் தாயொருத்தி எழுதி வாசிக்கும்போது, மூன்றாம் வரியில் சொல் மிகை என்று எந்த வாயால் சொல்வது? அப்படியான கவிதை வந்தால், திருத்தம் கேட்கத்தான் வாசிக்கிறாரா, கேட்டிருந்தால் போதுமா என்று முதலில் அவரிடமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த போயாவுக்கு உங்கள் அந்தக் கவிதையை ஏழு பிரதி எடுத்துச் செல்லுங்கள். கட்டுரை போல என்றவர் எந்த வரியைச் சுட்டினார் என்று எனக்கும் எழுதுங்கள்.