சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை: நடக்கும் வழியில் வளவு பார்க்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 61. கோண்டாவில். அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். வைகாசியில் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் பாதயாத்திரையில் இம்முறை கதிர்காமம் வரை நடப்பதாக நேர்த்தி. இருக்கிற வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, நானும் மனைவியும் போயிருக்க வன்னியிலோ கிழக்கிலோ நாலைந்து பரப்பில் அமைதியான ஒரு வளவு தேடுகிறேன். நடக்கும் வழியிலேயே பார்க்கலாம் என்று எண்ணம். மனைவிக்கு முழங்கால் வலி, அவர் நடக்க வரமாட்டார். எதையெதைக் கவனிக்க வேண்டும்? மனதுக்குப் பிடித்த இடம் கண்டால் கையோடு முற்பணம் கொடுத்து வைக்கலாமா?

பதில்: முற்பணம் மட்டும் கொடுக்காதீர்கள் ஐயா. மற்றபடி தாராளமாகப் பாருங்கள். நேர்த்தி நடையில் காணி நினைப்பு வருவது குற்றமாகுமோ என்று தயங்கவும் வேண்டாம். காலாறிக் குந்தும் இடத்தில் "இங்கேயே இருந்துவிட்டால் என்ன" என்று தோன்றாமல் அந்த வழியில் நடந்தவர் குறைவு.

எனக்கும் தோன்றியது. காணிக் கந்தோர்களில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பாதையில் இரண்டு முறை நடந்திருக்கிறேன். முதல் முறை, திருகோணமலைக்குத் தெற்கே கடலுக்குக் கிட்ட ஒரு மரமுந்திரிகை வளவில் படுத்தெழும்பி, விடியவே ஐம்பதாயிரம் ரூபாவை எண்ணிக் கொடுத்து, காசு பெற்றதாகக் கைத்துண்டொன்றும் எழுதி வாங்கினேன். ஊரார் காணியில் ஆயிரம் கேள்வி கேட்பவன், என் காணியில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அது பேமிற் காணி, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி; கொடுத்தவர் பெயரில் பேமிற்றும் இல்லை. கார்த்திகையில் திரும்பிப் போனபோது வளவுக்குள் இடுப்பளவு தண்ணீர். காசு வரவேயில்லை.

கைத்துண்டை வைத்து வழக்குப் பேசவும் முடியாது. காணியை விற்பதற்கான உடன்படிக்கை எழுத்தில், நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்தானால்தான் சட்டத்தில் செல்லும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அது. ஆகவே யாத்திரையில் உங்களுக்கு வேண்டியது ஒரு சின்னக் கொப்பியும் பேனையும். இடத்தின் பெயர், கிராம அலுவலர் பிரிவு, கிட்ட இருக்கும் கோயில், யாரோடு கதைத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு நடந்துகொண்டே இருங்கள்.

நடப்பவனுக்குத் தெரிவது வாகனத்தில் போகிறவனுக்குத் தெரியாது. முதலாவது தண்ணீர். ஒன்றரை மாதம் ஒவ்வொரு நாளும் வேறொரு கிணற்றில் அள்ளிக் குடித்துக் குளித்துச் சமைக்கப் போகிறீர்கள். நாக்கு உவரைச் சொல்லிவிடும். கல்லுத் தண்ணீரைச் சமையல் சொல்லும்: பருப்பு எவ்வளவு நேரமானாலும் மலராது, சவர்க்காரம் நுரைக்காது, கேத்திலின் உள்ளே வெள்ளைப் படை படியும். கோண்டாவில் சுண்ணக்கல் நிலத்தில் இருக்கும் உங்களுக்கு அது பழகியதுதான். ஆனால் வன்னியில் தெற்கே போகப்போக நிலத்தின் அடி கருங்கல்லாகிவிடும். அங்கே சில கிணறுகளில் ஃபுளோரைட் கூடுதலாக இருக்கும். வாயில் வைத்தால் தெரியாது. அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சிரிக்கும்போது பல்லைப் பாருங்கள். பல பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் படிவு இருந்தால் அந்தத் தண்ணீரைப் பரிசோதிக்காமல் அந்த ஊரில் காணி வாங்கக் கூடாது. இடம் பிடித்துவிட்டது என்றால், பிறகு ஒரு போத்தலில் எடுத்து நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

கிணற்றடியில் நிற்கிற பெண்களிடம் கேளுங்கள்: "ஆவணி, புரட்டாதியில் எத்தனை முழக் கயிறு விடுறனீங்கள்?" நீங்கள் பார்க்கும் வைகாசி, ஆனி நீர்மட்டத்தை விட அது முக்கியம்.

இரண்டாவது வெள்ளம். நீங்கள் நடப்பது சோழகம் அடிக்கிற காலம், நிலம் காய்ந்து கிடக்கும். வெருகல், வாகரைப் பக்கம் அந்த வெயிலில் நின்று பார்த்தால் இங்கே வள்ளம் ஓடியிருக்கும் என்று நம்பவே மாட்டீர்கள். வெருகலாறு மகாவலியின் கிளை. எங்கோ மலைநாட்டில் பெய்கிற மழையும் அங்கேதான் வந்து சேரும். 2011 தை மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தில் எவ்வளவு நிலம் தண்ணீருக்குள் கிடந்தது என்று அந்தப் பக்கத்து ஆட்களைக் கேளுங்கள், கையால் உயரம் காட்டுவார்கள். கேட்காமலே தெரிகிற அடையாளங்களும் உண்டு. பழைய வீடுகளின் அத்திவாரம் எவ்வளவு உயரம், சுவரில் மங்கிய கோடு எதுவரை, முட்கம்பி வேலியில் காய்ந்த சம்பும் சருகும் எந்த உயரத்தில் மாட்டிக் கிடக்கிறது என்று பாருங்கள். நிலத்தில் உமரி முளைத்திருந்தால் உப்பு ஏறிய மண். தில்லை மரமும் கண்ணா மரமும் நின்றால் அது களப்பின் இடம்; விற்பவர் என்ன சொன்னாலும் தண்ணீர் தன் இடத்துக்கு வரும்.

கடற்கரை வளவு ஆசையைக் காட்டும். கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தில் உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றர் கரையோர வலயம். அதற்குள் வீடு கட்டக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். முல்லைத்தீவிலிருந்து திருக்கோவில் வரை 2004 மார்கழிச் சுனாமிக்குப் பிறகு வெறும் அத்திவாரமாய் நிற்கும் வீடுகளைக் கடந்துதான் போவீர்கள். அந்த இடங்களில் கொஞ்ச நேரம் நின்று போங்கள்.

யானையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வாழைக் குருத்து முறிந்து கிடக்கும், மரத்தில் காவற்பரண் இருக்கும், ஊர் பொழுதுபடப் படலையைச் சாத்திவிடும். நீங்களே விளங்கிக்கொள்வீர்கள். வன்னிப் பகுதியில் கண்ணிவெடி அகற்றாத இடங்களில் எச்சரிக்கைப் பலகை இருக்கும். பலகை இல்லாவிட்டாலும் ஆள் நடமாட்டமில்லாத பற்றைக்குள் "எல்லை பார்க்க" இறங்கவே வேண்டாம்.

எங்களைப் போன்ற வயதுக்காரர் எல்லா ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: "இரவு பத்து மணிக்கு நெஞ்சு நொந்தால் எங்கே போவீங்கள்?" 1990 என்ற இலக்கத்தில் கூப்பிடும் அம்புலன்ஸ் கடைசியாக யாருக்கு வந்தது, கூப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது என்றும் கேளுங்கள். மனைவியின் முழங்காலையும் நினைத்துக்கொள்ளுங்கள். வளவிலிருந்து மணலில் அரை மைல் நடந்து தார் ரோட்டுக்கு வந்தால்தான் பஸ் என்றால், நீங்கள் இல்லாத நேரத்தில் அவர் சிறைப்பட்ட மாதிரி.

இனி, நான் முதல் முறை சறுக்கிய இடம். காவி கட்டி வேலின் பின்னால் நடக்கிறவனை அந்த ஊர்கள் "சாமி" என்றுதான் கூப்பிடும். கால் கழுவத் தண்ணீர் வரும், மோர் வரும், தங்களுக்கு இல்லாவிட்டாலும் சோறு வரும். அந்த அன்பு முழுக்க உண்மை. ஆனால் அது முருகனிடம் போகிறவனுக்குக் கிடைப்பது. வேலி எல்லை, கிணற்றுப் பங்கு, கோயில் உபயம் என்று கூடவே இருக்கப் போகிறவனை ஊர் வேறு மாதிரித்தான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். அதனால் பிடித்த ஊருக்குச் சாதாரண உடுப்பில் இன்னொருமுறை போங்கள். தேத்தண்ணிக் கடையில் ஒரு மணித்தியாலம் இருங்கள். விதானையாரை, அதுதான் கிராம அலுவலரை, போய்க் காணுங்கள்.

பத்திர விஷயம். வன்னியிலும் கிழக்கிலும் நீங்கள் காண்பவற்றில் பெரும்பகுதி அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேமிற்றிலோ அளிப்பிலோ கொடுத்தவை. கிளிநொச்சிக் குடியேற்றங்களும் முத்தையன்கட்டு, விசுவமடுப் படித்த வாலிபர் திட்டங்களும் இந்த வகைதான். பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் இவற்றைக் கைமாற்ற முடியாது, விரும்பியபடி நாலு பரப்பாகத் துண்டாடவும் முடியாது. "எல்லாரும் இப்பிடித்தான் வாங்கினவை" என்று சொல்வார்கள். வாங்கினார்கள்தான், அவர்களில் எத்தனையோ பேர் என் மேசைக்கு முன்னால் அழுதுகொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

தனியார் பெயரில் உறுதி எழுதிய காணி என்றால் காணிப் பதிவகத்தில் முப்பது வருஷம் பின்னோக்கிப் பார்ப்பியுங்கள். ஆளில்லாத வளவு என்றால் இடம்பெயர்ந்துபோன ஒரு குடும்பம் கனடாவிலோ தமிழகத்திலோ இருக்கக் கூடும். பத்து வருட ஆட்சியைக் காட்டி எழுதிய உறுதியை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அற்றோணித் தத்துவத்தில், அதாவது சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தை வைத்து, வேறொருவர் விற்கிறார் என்றால் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று தொலைபேசியில் முகம் பார்த்துக் கதையுங்கள். அவர் இறந்த அன்றே அந்தத் தத்துவமும் முடிந்துவிடும். வடமாகாணத்தில் பங்குக் காணியானால், அங்குள்ள தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்குக்காரருக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள்.

பொத்துவில் தாண்டியதும் கொப்பியை மடித்துப் பைக்குள் வையுங்கள். உகந்தையிலிருந்து குமண, யால காட்டு வழி; அங்கே வாங்க ஒன்றுமில்லை, நடக்க மட்டுமே உண்டு.

திரும்பி வந்து, கொப்பியில் எழுதியவற்றில் இரண்டு ஊரைத் தெரிவு செய்யுங்கள். ஐப்பசிக் கடைசியில் மனைவியோடு பஸ்ஸில் போய் அங்கே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தை வரை இருங்கள். மாரி முழுக்க இருந்து பார்த்தபின், வேண்டும் வேண்டாம் என்று அவர் சொல்லட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. புது வளவில் அடுப்பு மூட்டும்வரை கோண்டாவில் வீட்டை மகளுக்கு எழுதாதீர்கள். மகளின் காரியத்துக்காக இப்போதே எழுதித்தான் ஆகவேண்டும் என்றால், நீங்கள் இருவரும் உயிரோடு உள்ளவரை இருந்து அனுபவிக்கும் சீவிய உரித்தை வைத்து நன்கொடை உறுதியாக எழுதச் சொல்லுங்கள். கலியாணத்துக்குப் பிறகு தேடிய வீடென்றால் அது தேசவழமையில் தேடியதேட்டம், மனைவியின் உரித்தையும் யோசிக்க வேண்டும். அவரும் நொத்தாரிசு முன்னால் வந்திருந்து, வாசித்துக் கேட்டுக் கையெழுத்து வைக்கட்டும்.