வக்கீலைக் கேளுங்கள்: ஐபோன் பூட்டை உடைத்தால் கேஸ் வருமா?

கேள்வி: டல்லாஸில் இருக்கும் என் மச்சினர், தன் பழைய ஐபோனை ஜெயில்பிரேக் செய்து (அதாவது, தன் கடைக்கு வெளியே இருந்து ஆப் போட முடியாதபடி ஆப்பிள் போட்ட மென்பொருள் பூட்டை உடைத்து) எனக்குத் தருகிறேன் என்கிறார். அங்கே அது சட்டப்படி சரியாம். இங்கே நான் வைத்திருந்தால் வம்பு வருமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் மச்சினர் சொன்னது பாதிதான். 1998இல் வந்த டிஎம்சிஏ என்ற டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி அமெரிக்காவில் டிஜிட்டல் பூட்டை உடைப்பதே தப்பு. விலக்கு வேண்டும் என்பவர்கள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிப்புரிமை அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்ற டிஜிட்டல் உரிமை அமைப்பு அப்படிக் கேட்டுத்தான் 2010 ஜூலையில் ஸ்மார்ட்போனுக்கு விலக்கு வந்தது. ஆப்பிள் விடவில்லை. பூட்டை உடைத்த போனை வைத்து செல்போன் டவரையே முடக்கிவிடலாம் என்றுகூட வாதாடிப் பார்த்தது. அலுவலகம் கணக்குப் போட்டது: 80 லட்சம் பைட்டுக்கு மேல் உள்ள மென்பொருளில் ஜெயில்பிரேக் மாற்றுவது 50 பைட்டுக்கும் குறைவு. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்!

2012இல் அதே விலக்கை டேப்லெட்டுக்குக் கேட்டபோது, எது டேப்லெட் என்பதே தெளிவாக இல்லை என்று மறுத்துவிட்டார்கள். ஐபோனைத் திறந்தால் சரி, ஐபேடைத் திறந்தால் தப்பு! 2015இல்தான் அதையும் சேர்த்தார்கள். இன்றைக்கும் விலக்கு திறப்பவருக்குத்தான். திறக்கும் கருவியை விற்பவருக்குக் கிடையாது. சொந்த வீட்டுப் பூட்டை உடைத்துக்கொள், சுத்தியல் விற்றவனை மட்டும் விடமாட்டேன் என்கிற கதைதான்.

நம் ஊர்ச் சட்டம் இதைவிடப் புத்திசாலித்தனமானது என்பது என் கட்சி. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் *நோக்கத்தோடு* பூட்டை உடைப்பவரைத்தான் தண்டிக்கிறது. இரண்டு வருஷம் வரை சிறை, அபராதமும் உண்டு. போனின் தோற்றத்தை மாற்றவோ, ஆப்பிள் கடையில் இல்லாத இலவச ஆப்பைப் போடவோ திறந்தால் அந்த நோக்கம் எங்கே இருக்கிறது? காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆப்பைத் திருட்டுத்தனமாக ஏற்றினால் கதை வேறு.

அப்புறம், பல வங்கி ஆப்கள் ஜெயில்பிரேக் செய்த போனில் ஓடாது. ஜிபேயில்தான் பால்காரருக்குக் காசு அனுப்புகிறீர்கள் என்றால் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஆண்ட்ராய்டு போனை ரூட் செய்ய (ஐபோனுக்கு ஜெயில்பிரேக் மாதிரி) கடையில் கொடுத்தேன். கடைக்காரர் பெயர், முகவரி, எதற்காகச் செய்கிறேன் என்றெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். இவருக்கு எதற்கு இதெல்லாம்? (வாசகி, ஈரோடு)

பதில்: கோபப்படாதீர்கள் அம்மா. அந்த மனிதர் 65ஏ பிரிவைக் கடைசி வரி வரை படித்திருக்கிறார். வக்கீல்களிலேயே பலர் அவ்வளவு தூரம் போவதில்லை. சட்டம் தடுக்காத காரியத்துக்காக இன்னொருவருக்குப் பூட்டை உடைக்க உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, அடையாள விவரம், நோக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்து வைக்க வேண்டும் என்று அங்கே இருக்கிறது. ஆதார் நகல் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். அப்படி எந்த வரியும் அதில் இல்லை.

கேள்வி: ஐஎம்இஐ நம்பர் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மாற்றிய செகண்ட்ஹேண்ட் போன் மலிவாகக் கிடைக்கிறது. இதுவும் ஜெயில்பிரேக் மாதிரிதானே? (வாசகர், திருப்பூர்)

பதில்: இல்லவே இல்லை. 2023ஆம் வருஷத்துத் தொலைத்தொடர்புச் சட்டப்படி மாற்றியவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெரிந்தே வைத்திருப்பவருக்கும் அதே தண்டனைதான். நீங்கள் எனக்கு எழுதியே கேட்டுவிட்டீர்கள், இனி தெரியாது என்றும் சொல்ல முடியாது. எந்தப் பழைய போனை வாங்குவதானாலும், காசு கொடுக்கும் முன் கடையிலேயே நின்று அதன் ஐஎம்இஐயை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டுப் பாருங்கள்.